பாதி ஆஸ்டினும் முழுச் சான்றிதழும்

சுயம்புலிங்கத்தின் ஆஸ்டின் கார் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. இந்த நிலைமை நெடுங்காலமாக நீடித்து வந்ததால் அவருக்குக் கவலையாக இருந்தது.

ஐம்பத்தோராம் வருடத்து வண்டி. கறுப்பு நிறம், சன்னலுக்குச் சன்னல் கருஞ்சிவப்பு வெல்வெட் திரை. மாமனார் தன் மகள் ஆவுடையம்மாளைக் கட்டிக்கொடுத்தபோது கூடவே அனுப்பி வைத்தது. ராஜபாளையத்தில் சுயம்புலிங்கத்துக்கு இருபது தறி ஓடுகிற பேண்டேஜ் துணி ஷெட் ஒன்று இருந்தது. தறி நின்ற நாள் உண்டு, கார் நின்ற நாள் கிடையாது. சாவி போட்டால் கிளம்பும், பிரேக் போட்டால் நிற்கும். ஒரு காரிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த காலம், எண்பத்தொன்பதாம் வருடம் ஆவணி மாதத்தோடு முடிவுக்கு வந்தது.

அந்த வருடம் ஊரில் பெரிய மனிதர் என்றால் காரின் கூரையை வெட்டியவர் என்று ஆகியிருந்தது. ஒரு மில்காரர் தன் மகன் கல்யாணத்துக்காக நல்ல காரின் மண்டையை அறுத்து ஓப்பன் காராக்கி, சிவப்புப் பெயிண்ட் அடித்து, ரிவர்ஸ் எடுத்தால் பாட்டுப் பாடும்படி செய்துவிட்டார். பாட்டு எல்லோருக்கும் கேட்க வேண்டுமென்று அவர் அந்தக் காரை முன்னால் ஓட்டியதைவிடப் பின்னால் ஓட்டியதுதான் அதிகம். அதன் பிறகு கூரையோடு காரில் போகிறவர்களை ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் சுயம்புலிங்கத்தின் மகள் நாச்சியாருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளை பொன்னுராஜ் தங்கமான பையன், வாயே திறக்க மாட்டார். அவருக்கும் சேர்த்து அவருடைய தாய்மாமன் சமுத்திரம் திறந்துகொள்வார். பூ வைக்க வந்த அன்று சமுத்திரம் வாசலில் நின்ற ஆஸ்டினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"சம்பந்தி, மாப்பிள்ளை அழைப்பு இதுலயா?"

"ஆமா. நல்ல வண்டி."

"வண்டி நல்லாத்தான் இருக்கு. உள்ள மாப்பிள்ளை இருக்காருன்னு வெளிய நிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?"

"வாடகைக்கு ஒரு ஓப்பன் கார் பிடிச்சுக்கிடலாமே."

"ஊர்ல உள்ள அம்புட்டு மாப்பிள்ளையும் உக்காந்து எந்திரிச்ச சீட்டுலயா? எங்க தெருவுல காறித் துப்புவாங்க. சொந்த வண்டியா இருக்கணும், ஓப்பனா இருக்கணும். இல்லேன்னா நான் மண்டபத்துப் படி ஏற மாட்டேன், பாத்துக்கிடுங்க."

தாய்மாமன் கைபிடித்து இறக்காமல் மாப்பிள்ளை வண்டியை விட்டு இறங்குகிற வழக்கம் அவர்கள் குடும்பத்தில் இல்லை. மாப்பிள்ளை இறங்காமல் கல்யாணம் நடக்கிற வழக்கம் எந்தக் குடும்பத்திலும் இல்லை. சுயம்புலிங்கத்துக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"எங்கப்பா கார்ல கை வச்சா நான் பொல்லாதவளாயிருவேன்" என்றாள் ஆவுடையம்மாள்.

"ஏட்டி, மகளுக்குக் கல்யாணம் நடக்கணுமா, உங்கப்பா காருக்கு மண்டை இருக்கணுமா? நீயே சொல்லு."

அவள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "சீட்டையாவது விட்டு வைங்க" என்றாள். அதைச் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

வேலையைப் பால்ச்சாமியிடம் ஒப்படைத்தார்கள். பால்ச்சாமி பதினேழு வருடம் ராணுவத்தில் வண்டி பார்த்துவிட்டு ஊருக்கு வந்து ஒர்க்‌ஷாப் வைத்தவர். ராணுவத்தில் அவர் இரண்டு விஷயம் கற்றிருந்தார். ஏன் என்று கேட்கக் கூடாது என்பது ஒன்று. பிரித்தால் முழுசாகப் பிரிக்க வேண்டும் என்பது மற்றது.

"கூரையை மட்டும் எடுத்தாப் போதாதாய்யா?" என்று கேட்டார் சுயம்புலிங்கம்.

"அது முறை இல்ல முதலாளி."

ஆவணி முகூர்த்தத்தில் தேங்காய் உடைத்து முதல் போல்ட்டைக் கழற்றினார்கள். பத்தே நாளில் கார் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ராணுவத்தில் கிட் பரிசோதனைக்குச் சாமான் பரப்புவது போல, தறி ஷெட்டின் தரையில் பேண்டேஜ் துணியை விரித்து, பால்ச்சாமி எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கியிருந்தார். ஆயிரத்து இருநூற்றுப் பதினேழு உருப்படிகள். ஒவ்வொன்றையும் துடைத்து, எண்ணெய் தடவி, தூசி படக்கூடாது என்று பேண்டேஜ் துணியைச் சுற்றி, அதன்மேல் நம்பர் எழுதியிருந்தார். துணிக்குத்தான் அங்கே பஞ்சமில்லையே. உள்ளே எட்டிப் பார்த்த ஆவுடையம்மாள், தன் அப்பாவின் கார் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடப்பதாக நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்போதுதான் சொந்தத்தில் ஒரு ஏட்டையா வந்து, "காரை உருமாத்துறதுக்கு அனுமதி வாங்கியாச்சா?" என்று கேட்டார். சுபகாரியம் நடக்கிற வீட்டுக்குள் போலீஸ்காரர் வந்தால் இப்படித்தான் ஏதாவது நல்லது செய்துவிட்டுப் போவார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அதற்கென்றே ஒரு அலுவலகம் இருந்தது. அதன் பெயர் 'வாகன உருமாற்ற முன்னனுமதி மற்றும் பின்னொப்புதல் தனிப்பிரிவு'. பலகை, அலுவலகம் இருந்த வாடகை வீட்டைவிட நீளமாக இருந்தபடியால் அதை இரண்டாக அறுத்து மூலையில் மாட்டியிருந்தார்கள். முன்னனுமதி கிழக்கே பார்த்து இருந்தது, பின்னொப்புதல் வடக்கே பார்த்து இருந்தது. உள்ளே ஆய்வாளர் சுந்தரபாண்டியன் என்பவரும், தலைமை எழுத்தர் இசக்கியம்மாளும் பொதுநலனை முன்னிட்டு அமர்ந்திருந்தார்கள்.

"வண்டியை முன்னிலைப்படுத்துங்க" என்றார் இசக்கியம்மாள்.

"வண்டியைப் பிரிச்சாச்சும்மா."

"அப்போ பிரிச்ச வண்டியை முன்னிலைப்படுத்துங்க."

லாரி பிடித்தார்கள். புரட்டாசி வெயிலில், அலுவலக முற்றத்திலும், முற்றம் போதாமல் பாதித் தெருவிலும், பால்ச்சாமி ஆயிரத்து இருநூற்றுப் பதினேழையும் வரிசை பிசகாமல் பரப்பி, முன்னால் நின்று சல்யூட் அடித்தார். சுந்தரபாண்டியன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தார். கார்புரேட்டர் அருகில் வந்ததும் நின்றார்.

"இதுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல சார். நல்லா இருக்கு."

கடைசி வரிசைவரை போய்த் திரும்பி வந்தார்.

"எல்லாம் சரி. இதுல வண்டி எது?"

"எல்லாமே வண்டிதான்யா" என்றார் சுயம்புலிங்கம்.

"தானா வந்து நின்னா வண்டி. தூக்கிட்டு வந்து வச்சா சரக்கு. சரக்கைப் பார்க்கிற அதிகாரம் எனக்குக் கிடையாது."

"இப்ப என்னய்யா செய்யணும்?"

"முன்னனுமதி இல்லாம பிரிச்சது தப்பு. பிரிக்காத நிலைக்குக் கொண்டு வந்து, அனுமதி வாங்கிட்டு, பொறவு பிரிங்க. நான் ஒண்ணும் தடுக்கலையே."

"எஸ் சார்" என்றார் பால்ச்சாமி. அவர் முகத்தில் வருத்தம் துளியும் இல்லை. பல வருடங்களுக்குப் பிறகு அர்த்தமுள்ள ஒரு உத்தரவு கேட்ட திருப்திதான் இருந்தது.

ஐப்பசி மழை முழுக்கப் பூட்டினார். ஒரு போல்ட் மிஞ்சவில்லை, ஒரு போல்ட் குறையவில்லை. சாவி போட்டதும் வண்டி கிளம்பியது. மம்சாபுரம் ரோடு பிரிகிற விலக்கைத் தாண்டும்போது, பின் சீட்டில் இருந்த சுயம்புலிங்கத்துக்கு, இப்படியே திரும்பி வீட்டுக்குப் போய் மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையை இதிலேயே ஏற்றிவிடலாமா என்று ஒரு நல்ல எண்ணம் வந்தது. சமுத்திரத்தின் முகம் நினைவுக்கு வந்தது. எண்ணம் போய்விட்டது.

அலுவலக முற்றத்தில் சுந்தரபாண்டியன் காரைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார்.

"விண்ணப்பத்துல உருமாற்றம்னு எழுதியிருக்கீங்க. இதுல உருமாற்றம் எங்க இருக்கு?"

"இனிமேத்தான்யா செய்யணும்."

"இல்லாத உருமாற்றத்துக்கு ஒப்புதல் தர முடியாதே."

"அப்போ மாத்திட்டுக் கொண்டாரோம்."

"மாத்திட்டுக் கொண்டு வந்தா, மாத்துறதுக்கு முந்தி எப்படி இருந்துச்சுன்னு நான் எதைப் பார்த்து எழுத?"

"இப்பப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கீங்கய்யா?"

சுந்தரபாண்டியன் எல்லோரையும் உள்ளே கூட்டிப் போய் இசக்கியம்மாளைப் பார்த்தார். இசக்கியம்மாள் ஒரு சுற்றறிக்கையை எடுத்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றி வாசித்தார்: "மேற்படி வாகனத்தின் முந்தைய நிலையும் பிந்தைய நிலையும் ஒரே ஆய்வில், ஒரே நேரத்தில், ஒருங்கே ஒப்பிடப்பட வேண்டும்."

"ரெண்டு கார் கொண்டு வரணுமாம்மா?"

"ரெண்டு கார்னா ரெண்டு நம்பர் வந்துரும். ஒரே காரா இருக்கணும்."

கார்த்திகை பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. தை எட்டாம் தேதி கல்யாணம். பத்திரிகை அடித்தாகிவிட்டது. சுயம்புலிங்கம் அதில் ஒன்றை எடுத்து ஆய்வாளர் மேசைமேல் வைத்தார்.

"ஐயா, எனக்கு ஒரே மகள். ஓப்பன் கார் இல்லேன்னா கல்யாணம் நிக்கும்யா."

சுந்தரபாண்டியன் கெட்ட மனிதர் அல்ல. அவருக்கும் இரண்டு பெண்கள் உண்டு. "விதிக்கு உட்பட்டு நீங்க என்ன செஞ்சாலும் நான் கூட நிப்பேன்" என்றார் உருக்கமாக. விதியோ ஒரு காரை ஒரே நேரத்தில் இரண்டு விதமாக இருக்கச் சொன்னது. எல்லோரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பால்ச்சாமிதான் தொண்டையைச் செருமினார். "சார், பாதி பாதி செஞ்சுரலாம். இடது பக்கம் பழசு, வலது பக்கம் புதுசு."

சுயம்புலிங்கம், பால்ச்சாமிக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார். சுந்தரபாண்டியனோ எழுந்து நின்று பால்ச்சாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "படிச்சவங்க எத்தனையோ பேர் வந்துட்டுப் போயிருக்காங்க. ஒருத்தருக்கும் இது தோணல" என்றார்.

அப்படியே செய்தார்கள். முன் விளக்குகளுக்கு நடுவே தொடங்கி பின் டிக்கிவரை ஒரு கோடு. கோட்டுக்கு இடது பக்கம் ஐம்பத்தோராம் வருடம், வலது பக்கம் எண்பத்தொன்பதாம் வருடம். இடது பக்கம் கறுப்பு, கூரை, சன்னல், வெல்வெட் திரை. வலது பக்கம் சிவப்பு, கூரை இல்லை, சன்னல் இல்லை, கதவில் பறக்கிற குதிரை ஸ்டிக்கர். இடது பக்கம் வட்ட விளக்கு, வலது பக்கம் சதுர விளக்கு. பின் சீட்டிலும் பாதி பழைய தோல், பாதி புது ரெக்ஸின். ஆவுடையம்மாள் வந்து பார்த்தாள். பழைய தோல் இருந்த பக்கம் ஏறி, சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கிப் போனாள். ஆனாலும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

மார்கழியில் இறுதி ஆய்வு. சுந்தரபாண்டியன் காருக்கு நேர் முன்னால் நின்று, முதலில் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அப்புறம் அதைத் திறந்து மறு கண்ணை மூடிப் பார்த்தார். முந்தைய நிலையும் பிந்தைய நிலையும் அவருக்கு ஒருங்கே தெரிந்தன. ஒரே ஒரு சிக்கல்தான் மிச்சமிருந்தது. படிவத்தில் மூடிய வாகனம் என்று ஒரு கட்டமும், திறந்த வாகனம் என்று ஒரு கட்டமும் இருந்தன. பாதி என்று கட்டம் இல்லை.

"மழை பெஞ்சா உள்ள நனையுமா?" என்று கேட்டார் ஆய்வாளர்.

"பாதி நனையும்யா."

"பாதியை விடுங்க. நனையுமா, நனையாதா?"

"நனையும்."

"அப்போ திறந்த வாகனம். எழுதுங்கம்மா. 'முழுமையான திறந்த வாகனம்.' முழுமையானன்னு போடலேன்னா நாளைக்கு ஆடிட்ல கேப்பாங்க."

இசக்கியம்மாள் எழுதினார். ஊதா மையில் வட்ட சீல் விழுந்தது. சுயம்புலிங்கம் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஐயா, இனி இடது பக்கத்தையும் வெட்டிரலாம்ல?"

இசக்கியம்மாள், தன்னையே வெட்டலாமா என்று கேட்டது மாதிரி நிமிர்ந்து பார்த்தார். "ஆய்வு செஞ்ச நிலைக்குத்தான் சான்றிதழ். ஒரு திருகாணி மாறினாலும் செல்லாது."

"அந்தத் திரையை மட்டும் செத்த விலக்கி..."

"ஆய்வு நேரத்துல திரை மூடியிருந்துச்சா?"

"மூடித்தான் இருந்துச்சும்மா. வெயிலுக்கு."

"அப்போ மூடித்தான் இருக்கணும்."

"எஸ் மேடம்" என்றார் பால்ச்சாமி. ஊருக்குத் திரும்பியதும் திரையின் ஓரத்தை நான்கு ஆணி அடித்து இறுக்கிவிட்டார். உத்தரவு உத்தரவுதான்.

தை ஏழாம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிள்ளையார் கோயில் வாசலிலிருந்து மாப்பிள்ளை அழைப்பு கிளம்பியது. பேண்ட் செட் முன்னால் போனது. பால்ச்சாமி வண்டியை ஓட்டினார். பொன்னுராஜ் ரோஜா மாலையோடு பின் சீட்டில் சிவப்புப் பாதியில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று சுயம்புலிங்கம் நான்கு நாளாக யோசித்து, தெருவில் வெயில் படாத இடது பக்கமாகப் பார்த்து நாற்காலி போட்டு, கலர் சோடா உடைத்துக் கொடுக்க ஆளும் வைத்திருந்தார். பெண் வீட்டார் மரியாதையாக வலது பக்கம், கண் கூசும் வெயிலில் நின்றார்கள்.

கார் தெருவுக்குள் நுழைந்ததும் வலது பக்கத்தில் குலவைச் சத்தம் கிளம்பியது. சிவப்புக் கார், தலைக்கு மேலே வானம், ராஜா மாதிரி மாப்பிள்ளை. இடது பக்கத்தில் கலர் குடித்துக்கொண்டிருந்தவர்களின் முன்னால், திரையெல்லாம் மூடிய கறுப்புக் கார் ஒன்று மெதுவாகப் போனது. யாரோ முடியாதவர்களைக் கொண்டு போகிறார்களோ என்று சில பேர் எழுந்து நின்றார்கள்.

கார் மண்டபத்து வாசலில் நின்றது. மண்டபமும் இடது பக்கம்தான். சமுத்திரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"சம்பந்தி, மாப்பிள்ளை எங்க?"

"கார்லதான் இருக்காரு."

"எந்தக் கார்ல? ஓப்பன் கார் எங்க? அன்னைக்குப் பாத்த அதே பழைய வண்டியைத் தொடைச்சுக் கொண்டாந்து நிறுத்தியிருக்கீங்க."

"அண்ணாச்சி, செத்த இந்தப் பக்கம் வந்து பாருங்க" என்றார் பால்ச்சாமி, ஸ்டியரிங்கை விடாமல்.

"நான் எதுக்கு அந்தப் பக்கம் வரணும்? மாப்பிள்ளை வீட்டுக்காரன் நின்ன இடத்துல நின்னுதான் பார்ப்பான். எங்க சனம் அம்புட்டும் இந்தப் பக்கம்தான் நிக்கிது. ஒருத்தன் பாத்தேன்னு சொல்லட்டும், நான் கையைப் பிடிச்சு இறக்குதேன்."

ஒருவரும் சொல்லவில்லை. பேண்ட் செட்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். வலது பக்கத்தில், நாங்கள் பார்த்தோம் என்று நூறு பேர் சொன்னார்கள். அவர்கள் பெண் வீட்டுக்காரர்கள், அவர்கள் சொல் எடுபடாது. மாடியிலிருந்து மணப்பெண் கோலத்தில் நாச்சியார் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுயம்புலிங்கம் கையெடுத்துக் கும்பிடப் போனவர், சமுத்திரம் நின்ற இடத்திலிருந்து தற்செயலாகக் காரைப் பார்த்தார். பாதி செய்ததிலிருந்து அந்தப் பக்கமாக நின்று அவர் பார்த்ததே இல்லை. கறுப்பு வண்டி, வட்ட விளக்கு, வெல்வெட் திரை. மாமனார் அனுப்பி வைத்த அன்று எப்படி வந்து நின்றதோ அப்படியே நின்றது. எம்புட்டு அழகான காரை வைத்துக்கொண்டு என்ன காரியம் செய்தோம் என்று அவருக்கு அழுகை முட்டியது. சமுத்திரம் சொல்வதில் ஒரு பொய்யும் இல்லை.

"முதலாளி, சர்டிபிகேட்" என்றார் பால்ச்சாமி.

சுயம்புலிங்கம் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். சமுத்திரம் அதை எட்டப் பிடித்து, தலையைப் பின்னால் சாய்த்து, ஊர் கேட்க வாசித்தார். "மேற்படி வாகனம் ஒரு முழுமையான திறந்த வாகனம் எனச் சான்றளிக்கப்படுகிறது." நிறுத்தினார். காரைப் பார்த்தார். பேப்பரைப் பார்த்தார். மறுபடியும் காரைப் பார்த்தார்.

"சீல் ஒரிஜினலா?"

"ஒரிஜினல்."

"வட்ட சீல்."

"ஆமா. ஆய்வாளர் கையெழுத்தும் இருக்கு."

சமுத்திரத்தின் குரல் இறங்கிவிட்டது. "இதை முதல்லயே காட்டியிருக்கலாம்ல சம்பந்தி? வீணா ஒரு மனஸ்தாபம்."

பேப்பர் இடது பக்கம் முழுக்கக் கை மாறியது. வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசித்தார்கள், மற்றவர்கள் சீலைப் பார்த்தார்கள். ஒரு பெரியவர், "ரோஜா மாலைதானே போட்டிருந்தாரு? நல்லாத் தெரிஞ்சுதே" என்றார். ஒரு அம்மாள், "என்னைப் பாத்துத் தலையாட்டினாரு" என்றாள். சமுத்திரம், "எனக்குக் கும்பிடு போட்டாரு. நான்தான் கவனிக்கல" என்றார்.

இதைக் கேட்டதும் வலது பக்கத்தில் நின்றவர்களுக்குக் கலக்கம் வந்துவிட்டது. அவர்கள் கண்ணால் பார்த்ததோடு சரி, பேப்பரைப் பார்க்கவில்லை. அவர்களும் சுற்றிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். வரிசையின் கடைசியில் ஆவுடையம்மாள் நின்றாள்.

"ஏட்டி, நீதான் நேர்ல பாத்தியே."

"பாத்தேன். இருந்தாலும் ஒரு தடவை பாத்துக்கிடுதேன்" என்று அவள் கை நீட்டினாள். படித்து முடித்ததும் அவள் முகம் தெளிந்துவிட்டது. "முழுமையானன்னு போட்டிருக்காங்களே. இத்தனை நாளா நீங்க பாதின்னுல்ல சொல்லிக்கிட்டு இருந்திய?" என்றாள்.

பேண்ட் செட் மறுபடி ஆரம்பித்தது. சமுத்திரம் காரைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய், மருமகனை இறக்குவதற்குக் கையை நீட்டினார். பொன்னுராஜ் இறங்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சுயம்புலிங்கத்தைப் பார்த்து, பெண் பார்க்க வந்த நாளிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"மாமா, அந்தப் பேப்பரை இங்க செத்தக் கொடுங்க."

வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். சீலை விரலால் தடவிப் பார்த்தார். அதன் பிறகுதான், தான் வந்து சேர்ந்துவிட்டது உறுதியாகி, மாமன் கையைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து இறங்கினார்.